அம்மிக்கல்லில் விழுந்த தோட்டாக் கூடுகள்

திண்டுக்கல் மாநகர் நாகல்நகரில் வதியும், காலஞ்சென்ற இராமையா அவர்களின் மூத்த புதல்வன், இராம. வீரபத்திரன் என்னும் பெயருடையவன் நான். அகவை எழுபத்து நான்கு நிறைந்து எழுபத்தைந்து நடக்கிறது. பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. எஞ்சியதை நகராட்சி நூலகத்தில் நானே படித்துக்கொண்டேன். எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. உங்கள் தாளில் பெயருக்கு ஒரு கட்டமும் வயதுக்கு ஒரு கட்டமும் இருப்பதைப் பார்த்தேன். கட்டத்துக்குள் அடங்காவிட்டால் பின்புறம் எழுதுங்கள்.

என்ன சொன்னீர்கள்? வாயைத் திறந்து பேசுங்கள். உங்கள் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் இப்படித்தான், உதடு தேய்ந்துவிடும் என்று அஞ்சியவர்களைப் போலப் பேசுகிறீர்கள். எங்கள் காலத்தில் ஒருவன் நாகல்நகரில் நின்று பேசினால் மலைக்கோட்டை அடிவாரத்தில் கேட்கும்.

அந்தப் பெட்டி கீழேயே இருக்கட்டும். காது சோதிக்கும் பெட்டி என்று என் மகள் பூங்கோதை சொன்னாள். அவள் ஏற்பாட்டில்தான் வந்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். என் காதை ஒரு பெட்டி சோதிக்க வேண்டிய நிலைமை ஏன் வந்தது என்பதை முதலில் கேளுங்கள். கேட்ட பிறகு, அந்தப் பெட்டியைத் திறப்பதற்கு நீங்களே வெட்கப்படுவீர்கள்.

நான் முப்பத்தோராண்டுக் காலம் பேகம்பூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடை போடுபவனாக இருந்தேன். எடை போடுவது கை செய்யும் வேலை. எந்த மடையனும் செய்வான். என் வேலை காது செய்த வேலை. பித்தளை என்று சொல்லி எவனாவது ஒரு மூட்டையைக் கொண்டுவந்தால், அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கல்லில் போடுவேன். பித்தளையா, வெண்கலமா, பித்தளைப் பூச்சுப் பூசிய இரும்பா என்று விழுந்த கணமே சொல்லிவிடுவேன். முதலாளி தராசை நம்பியதைவிட என் காதை நம்பினார். இதில் தற்புகழ்ச்சி ஒன்றும் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் துப்பாக்கிச் சங்கத்தார் என்னை அழைத்தார்கள். ரைபிள் கிளப் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதுதான். சிறுமலை அடிவாரத்தில் சுடுதளம் இருக்கிறது. வக்கீல்கள், மில் முதலாளிகள், மருத்துவர்கள், போட்டிகளுக்குப் போகும் பிள்ளைகள் என்று வந்து சுடுவார்கள். சுட்ட பிறகு தரையெங்கும் தோட்டாக் கூடுகள் சிதறிக் கிடக்கும். குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், கூடு மட்டும் எஞ்சும். அதைப் பொறுக்கி, துடைத்து, அளவுக்கு அழுத்தி, மறுபடியும் மருந்தும் குண்டும் வைத்தால் மீண்டும் தோட்டா. அதற்கு உரிய உரிமமும் சங்கத்திடம் உண்டு. சாமான் அறைச் சாவி என்னிடம் இருந்தது. அறைக்குள் நிரப்பும் மேசையும், அதன் கீழே என் அம்மிக்கல்லும் இருந்தன.

பித்தளைக் கூட்டுக்கு ஒரு பண்பு உண்டு. வெடிக்கும்போது விரிந்து கொடுக்கும், உடனே தன் அளவுக்குத் திரும்பும். பல முறை பயன்படும். எஃகுக் கூடு அப்படியன்று. முரட்டுப் பிடிவாதக்காரனைப் போன்றது. ஒரு முறை விரிந்தால் விரிந்ததுதான். திருத்த முயன்றால் வாய் கிழியும். ஆகையால் எஃகை எடைக்குப் போட வேண்டும், பித்தளையை மேசைக்கு எடுக்க வேண்டும். முன்பெல்லாம் குழப்பமில்லை. எஃகு சாம்பல் நிறம், பித்தளை மஞ்சள் நிறம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மில் முதலாளி வெளிநாட்டுத் தோட்டாக்களைக் கொண்டுவர ஆரம்பித்தார். உள்ளே எஃகு, மேலே பித்தளைப் பூச்சு. பட்டுச் சேலை கட்டிய பன்றி. கண்ணால் பார்த்தால் பேதம் தெரியாது. அப்போதுதான் சங்கத்தாருக்கு என் காதின் அருமை தெரிந்தது.

ஒவ்வொரு கூடாக அம்மிக்கல்லில் போடுவேன். பித்தளை என்றால் வலக்கைப் பக்கத்துத் தகர டின், எஃகு என்றால் இடக்கைப் பக்கத்துச் சாக்கு. எனக்கு எதிரே முத்துராக்கு உட்கார்ந்திருப்பான். சுடுதளத்தின் கோடியில் குழிக்குள் இருந்துகொண்டு இலக்குத் தாளை ஏற்றி இறக்குபவன் அவன். வேலை முடிந்ததும் வெற்றிலைப் பொட்டலத்தோடு வந்து என் எதிரே அமர்ந்துவிடுவான். அவனுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. மாடு அசை போடுவதைப் போல மென்றுகொண்டிருப்பான், அவ்வளவுதான். ஆனால் என்னோடு பழகிய பழக்கத்தால் அவனுக்கும் கொஞ்சம் ஞானம் வந்திருந்தது. எஃகின் ஓசை அவனுக்குப் பிடிக்காது. எஃகு விழுந்தால் அவன் தாடை அப்படியே நின்றுவிடும். நான் கூட்டை இடப்பக்கத்துச் சாக்கில் போட்ட பிறகுதான் மறுபடியும் மெல்லத் தொடங்குவான். வேலை நேரத்தில் நான் கல்லைப் பார்ப்பதில்லை. காதால் செய்யும் வேலைக்குக் கண் எதற்கு? அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்டுக்கொண்டிருப்பேன். அழகான முகம் அன்று. ஆயினும் பார்த்துப் பழகிவிட்டது.

பூங்கோதை ஏதோ சொல்கிறாள் போலிருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் திரும்பினீர்களே. காப்பியா? குடியுங்கள். அவள் மூன்று முறை கூப்பிட்டதாகச் சொல்லுவாள். நம்பாதீர்கள். இந்த வீட்டுக் குக்கருக்கும் விசில் அடிக்கத் தெரியாது. புதிது வாங்கினேன், அதுவும் ஊமை. எல்லாவற்றிலும் தரம் கெட்டுவிட்டது. மருந்தும் அப்படியே. நான் சங்கத்தில் சேர்ந்த புதிதில் ஒரு வெடி வெடித்தால் நெஞ்சுக்கூடு அதிரும். இப்போதைய மருந்துக்குக் குரலே கிடையாது. குழந்தை கை தட்டுவதைப் போல இருக்கிறது. அதற்குப் போய் இந்தப் பிள்ளைகள் காதில் சட்டியைக் கவிழ்த்துக்கொள்கிறார்கள்! பஞ்சுகூட வைக்காமல் இருபத்தாறு ஆண்டு அந்தத் தளத்தில் நின்றவன் நான்.

இனி அந்த அம்மையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் அங்கயற்கண்ணி. ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறை வைத்திருக்கிறார். கணவர் போட்டிகளில் சுடுபவர்; அவர் காலமான பிறகு அம்மையார் தாமும் சுடக் கற்று, சங்கத்தில் நுழைந்து, சென்ற ஆண்டு செயலாளரும் ஆகிவிட்டார். முதல் நாளே சாமான் அறைக்கு வந்தார். கையில் ஒரு குச்சி. அதன் நுனியில், உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றைக் கட்டியிருந்தார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. பட்டறையில இரும்புத் தூள் பொறுக்க வச்சிருக்கறது. இதைச் சும்மா ஒரு தடவை கூட்டு மேல காட்டுங்க. இரும்பு தானா ஒட்டிக்கும். ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டு ஏன் சிரமப்படறீங்க?" என்றார்.

நான் அந்தக் குச்சியை வாங்கவில்லை. "அம்மா, இதற்குக் காது உண்டா?" என்று கேட்டேன்.

"காந்தத்துக்கு எதுக்குங்கய்யா காது?"

"அப்படியென்றால் இதை வெளியே வையுங்கள். காதில்லாதவற்றுக்கு இந்த அறையில் வேலை இல்லை" என்றேன்.

முத்துராக்கு ஏனோ அப்போது தலையைக் குனிந்துகொண்டான். அம்மையார் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குச்சியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தோற்றவர்கள் அப்படித்தான் போவார்கள்.

இவ்வாண்டு ஆவணியில் முத்துராக்கு திருப்பூருக்குப் போனான். மகளுக்குத் தலைப்பிரசவம். போகும் முன் என்னிடம் வந்து, என் முகத்துக்கு நேரே நின்று, தன் வழக்கப்படி உரக்கச் சொன்னான்: "அண்ணே, நான் வர்ற வரைக்கும் கூட்டைப் போடாதீங்க. சேத்து வைங்க. வந்து உக்காந்துக்கிறேன்."

"நீ வந்து உட்கார்ந்து என்ன கிழிக்கப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் கிழிக்கலண்ணே. சும்மா பேச்சுத் துணைக்கு."

பாருங்கள், எவ்வளவு அகந்தை. வெற்றிலை மெல்லுவதற்குப் பெயர் துணை. தீபாவளி கழிந்ததும் மாவட்டங்களுக்கிடையே போட்டி. அந்தப் பிள்ளைகளுக்கு நிரப்பிய தோட்டாவில் பயிற்சி கொடுக்க வேண்டும். ஆயுத பூஜைக்குள் ஒரு தட்டுத் தோட்டா நிரப்பி முடிப்பது என் முறை. இவன் வரட்டும் என்று காத்திருக்க முடியுமா? நான் தனியாகவே உட்கார்ந்து போட்டேன். எதிரே மெல்லும் தாடை இல்லாதது மனத்துக்கு நிம்மதியாகவும் இருந்தது. இவ்வாண்டுக் கூடுகள் மிக நல்ல கூடுகள். கிட்டத்தட்ட எல்லாமே பித்தளை. இடப்பக்கத்துச் சாக்கில் போடுவதற்கே ஒன்றும் விழவில்லை. மில் முதலாளிக்குப் புத்தி வந்து நல்ல சரக்கு வாங்குகிறார் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. நான் இயற்றிய விதி. அதனால் இன்னும் இருக்கிறது. ஆயுத பூஜையன்று துப்பாக்கிகளுக்குச் சந்தனம் வைத்து, பொரிகடலை படைத்து, பூசணிக்காய் உடைத்த பிறகு, புதிதாக நிரப்பிய தட்டிலிருந்து முதல் தோட்டாவை நிரப்பியவனே சுட வேண்டும். தான் சுடத் துணியாத தோட்டாவை அடுத்தவன் கையில் கொடுப்பவன் மனிதன் அல்லன். இருபத்தாறு ஆயுத பூஜைகளிலும் நான்தான் சுட்டேன்.

அன்று காலையில் முத்துராக்கு திருப்பூரிலிருந்து நேரே வந்துவிட்டான், பையைக்கூட இறக்காமல். தட்டைப் பார்த்தான். பக்கத்தில் கிடந்த வெறும் சாக்கைப் பார்த்தான். என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, இன்னிக்கு வேணாண்ணே. கையெடுத்துக் கும்பிடுறேன், வேற தோட்டா சுடுங்க" என்றான். பேரன் பிறந்த மகிழ்ச்சியில் பிதற்றுகிறான் என்று கையை உதறினேன்.

படுத்தேன், குறி வைத்தேன், சுட்டேன். குண்டு இலக்கில்தான் பாய்ந்தது, ஐயம் வேண்டாம். ஆனால் ஏதோ சூடாக முகத்தில் அடித்தது. இதோ, இந்த இடப் புருவம் பாதி இல்லை அல்லவா? அதுதான். மருந்து சற்றுக் குணம் கெட்டிருந்தது. துப்பாக்கியின் தாழ்ப்பாளை இழுத்தேன், வரவில்லை. கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் வாயை அசைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவருக்காவது குரல் எழும்பியதா? இல்லை. கோழைக் கூட்டம். "தொடாதீங்க, கையை எடுங்க" என்று அம்மையார் கத்தினாராம். முத்துராக்கு பிற்பாடு சொன்னான். கத்துவதென்றால் கேட்கும்படி கத்த வேண்டாமா?

அம்மையார் கம்பி விட்டுத் தட்டி அந்தக் கூட்டை வெளியே எடுத்தார். நெடுகக் கீறியிருந்தது. பிறகு அந்தக் குச்சி வந்தது. கீறிய கூடு தாவிப் போய் அதில் ஒட்டிக்கொண்டது. அடுத்து, என் டின்னில் மிச்சமிருந்த கூடுகளுக்குள் குச்சியை விட்டுத் தூக்கினார். தேனடையைப் போல ஒரு கொத்து தொங்கியது.

என் முகத்துக்கு நேரே வந்து, சந்தையில் மீன் விற்பவரைப் போலப் பேசினார்: "பாத்தீங்களா ஐயா? இத்தனையும் எஃகு. இந்தத் தட்டை அந்தப் பிள்ளைங்க கையில குடுத்திருந்தா? கண்ணு போயிருக்குமேய்யா!"

"யாரோ கலந்துவிட்டார்கள்" என்றேன்.

"சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?"

"அதனால்தான் சொல்கிறேன், திருட்டுச் சாவி போட்டிருக்கிறார்கள்" என்றேன். நானே தொடர்ந்தேன். "அம்மிக்கல்லைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லோர் முன்னிலையிலும் போடுகிறேன். ஒன்று தவறினால் சாவியை அக்கணமே வைத்துவிடுகிறேன்."

கல் வந்தது. நான் அமர்ந்தேன். முத்துராக்கு தன் பழக்கப்படி எதிரே அமர்ந்தான். வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். நான் போட ஆரம்பித்தேன். பித்தளை. பித்தளை. எஃகு. பித்தளை. எஃகு. எஃகு. ஒவ்வொன்றையும் அம்மையாரின் காந்தம் சரிபார்த்தது. ஒன்றாவது பிசகியதா? ஒன்றும் இல்லை! அங்கிருந்த வக்கீல் ஒருவர் கைகூடத் தட்டினார். இந்த வெற்றியை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், தம்பி. இதற்கென்று ஒரு கட்டம் இல்லையா?

அம்மையார் என்னையோ கல்லையோ பார்க்கவில்லை. முத்துராக்கின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிலை ஆசை போலும். சிறிது நேரம் பார்த்துவிட்டு அவனிடம் ஏதோ சொன்னார். அவன் மாட்டேன் என்று தலையசைத்தான். அவர் மறுபடியும், தாழ்ந்த முகத்தோடு, என்னவோ சொன்னார். அவன் எழுந்தான். என்னைச் சுற்றிக்கொண்டு போய் என் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

இது என்ன அவமரியாதை? பாவம், நெடுந்தூரம் பேருந்தில் வந்தவன், உட்கார்ந்திருந்தவனை எழுப்பி நிற்க வைப்பதா? "அவன் வழக்கமாக உட்காரும் இடம் இதுதான், அவனை இங்கேயே உட்கார விடுங்கள்" என்று கேட்டேன். அம்மையார் முடியாது என்று தலையை ஆட்டினார். அவருடைய கண் ஏன் கலங்கியிருந்தது என்று எனக்குத் தெரியாது. தோற்கப் போகிறவருக்குக் கண் கலங்குவது இயல்புதானே.

நான் போட்டேன். கல் பேசவில்லை.

மறுபடியும் போட்டேன். சற்று உயரத்திலிருந்து போட்டேன். அந்தக் கல்லை மாற்றிவிட்டார்கள், தம்பி. சாமான் அறையிலிருந்து சுடுதளத்துக்குத் தூக்கிவந்த வழியில் மாற்றியிருக்கிறார்கள். வேறு விளக்கம் இருக்க இயலாது. என் கல் அப்படி வாய் மூடிக் கிடக்காது. நண்பகல் வெயிலில் உலோகம் இளகி ஓசை அடங்கும் என்பதும் உண்டு. ஆயினும் நான் தயங்கவில்லை. பித்தளை என்றேன். காந்தம் அதைக் கவ்வியது. எஃகு என்றேன். காந்தம் தொடவில்லை. பித்தளை, பித்தளை என்றேன். காந்தம் இரண்டையும் கவ்வியது. வக்கீல் இப்போது தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். முத்துராக்கு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். தாடை தெரியவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. சிரிக்கிறான் என்றே முதலில் நினைத்தேன்.

நான் சொல் தவறுபவன் அல்லன். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கல்லின் மீது வைத்தேன். அம்மையார் அதை எடுத்து முத்துராக்கிடம் நீட்டினார். அந்த மடையன் வாங்கவில்லை. அவருடைய முகத்துக்கு எதிரே கும்பிட்டபடி கத்தினான். அவன் கத்தினால் எனக்கு எப்போதும் தெளிவாகக் கேட்கும்: "எனக்கு வேணாம்மா! இது அண்ணன் சாவி. நாந்தான் கூட உக்காந்துக்கிறேனே! எப்பவும் போல உக்காந்துக்கிறேனே!"

அம்மையார் என் எதிரே, அவன் அமர்ந்த இடத்திலேயே, தரையில் அமர்ந்தார். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "ஐயா. சாவி என்கிட்ட பத்திரமா இருக்கும். காது டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிட்டு வாங்க. அவங்க குடுக்கிற மிஷினை மாட்டிக்கிட்டு வாங்க. அன்னிக்கே சாவியை உங்க கையில தர்றேன். கூடவே இந்தக் குச்சியும் இருக்கும். ரெண்டும் சேர்ந்து வேலை பார்க்கட்டும்."

இதுதான் நடந்தது. என் காதுக்கு ஒரு சீட்டு. அதற்குத் துணையாக ஒரு குச்சி. எதைக் கண்டு நான் அதிகம் சிரிக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது முத்துராக்கு மாலைதோறும் இங்கே வருகிறான். எதிரே அமர்கிறான், மெல்லுகிறான். "செக் பண்ணிக்குங்கண்ணே, சாவி வந்துரும்ணே" என்று அதையே பல்லவியாகப் பாடுகிறான். சாமான் அறையில் பொறுக்கிய கூடுகள் சாக்குச் சாக்காகச் சேர்ந்து கிடக்கின்றனவாம். காந்தத்தால் பிரிக்க எவரும் அங்கே இல்லையா என்று கேட்டேன். "பிரிக்கலாம்ணே, அம்மா உங்களுக்காக வச்சிருக்காங்க" என்கிறான். அவர்களால் இயலவில்லை என்பதை இதைவிட நாகரிகமாக எப்படி ஒப்புக்கொள்வார்கள்?

அந்த ஒரு காரணத்துக்காக உங்கள் பெட்டியை அனுமதிக்கிறேன். எடுங்கள். இதைத் தலையில் மாட்ட வேண்டுமா? மாட்டுங்கள். ஓசை கேட்கும்போது இந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதானே? எளிது.

எங்கே போகிறீர்கள்? பின்னால் ஏன் போகிறீர்கள்? விதியா? அந்த விதியை இயற்றியவன் எவனோ, அவனுக்குப் பெரியோர் முன் நிற்கத் தெரியவில்லை. இப்படி வாருங்கள். நாற்காலியை வெளிச்சத்தில் போடுங்கள். என் எதிரே, முகம் தெரிய உட்காருங்கள். அதுதான் முறை. வெற்றிலை போடும் பழக்கம் உண்டா? இல்லையா? பாதகமில்லை.

தொடங்குங்கள். ஆனால் ஒன்று. உங்கள் சீட்டில் என்ன வருகிறதோ, அதனால் எதுவும் தீரப்போவதில்லை. இவ்வழக்கு முன்னரே தீர்ந்துவிட்டது. என் காதில் குறையில்லை என்பது வக்கீல் கை தட்டிய அந்நாளிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. கட்டத்தில் இடம் இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்: விளம்பி ஆண்டு, ஐப்பசித் திங்கள் முதல் நாள், ஆயுத பூஜை, வியாழக்கிழமை.